பச்சோந்திக் குட்டிக்கு பூச்சி மட்டும் போட்டா பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சிறுவர் பக்கத்துல, வெளிநாட்டுல பச்சோந்தி வளக்குறாங்க, தினமும் நாலு பூச்சியும் ஒரு கிண்ணத்துல தண்ணியும் வச்சா போதும்னு எழுதியிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு கேக்கல. நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், ஏறக்குறைய இதே மாதிரி நெனச்சு ஒரு குட்டிய பறிகொடுத்த வீடு எங்க வீடு, அதனாலதான் எழுதுறேன்.

என் பொண்ணு ஆசப்பட்டான்னு வாங்கினது வெய்ல்ட் கமீலியன்ங்கிற பச்சோந்தி வகை, தலையில கொண்ட வச்ச மாதிரி இருக்குமே அது. பூர்வீகம் ஏமனும் சவுதியோட தென்மேற்கு மூலையும், இங்க கடைகள்ல கிடைக்கிறது பெரும்பாலும் பண்ணைல முட்ட பொரிச்சு வளத்தது. வந்தப்ப என் சுண்டுவிரல் நீளம்கூட உடம்பு இல்ல. கடைல குடுத்த சின்ன சுவர்க்கோழிப் பூச்சிய தினமும் போட்டோம், அதுவும் கண்ணு ரெண்டையும் ஒரே பக்கம் திருப்பி, காத்துல ஆடுற இல மாதிரி முன்னும் பின்னும் ஆடி, வாய லேசா திறந்து நாக்கு நுனிய காட்டிட்டு பட்டுனு அடிச்சு எடுக்கும், நல்லா சாப்பிடுது நல்லா வளருதுன்னு சந்தோஷமா இருந்தோம். மூணாவது மாசம் முன்னங்கால் வில்லு மாதிரி வளைய ஆரம்பிச்சுது. அப்புறம் நாக்கு வெளிய வரும், பூச்சி வரைக்கும் எட்டாது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் எலும்புல கால்சியமே இல்லன்னு சொன்னாங்க. ரெண்டு வாரத்துல போயிடுச்சு. வயிறு நெறஞ்சிருந்தும் அது உள்ளுக்குள்ள பட்டினியா கெடந்திருக்கு, அது எங்களுக்கு தெரியல.

விஷயம் என்னன்னா சுவர்க்கோழில பாஸ்பரஸ் நெறைய, கால்சியம் ரொம்ப கம்மி, ஆனா வளர்ற குட்டிக்கு பாஸ்பரஸ் ஒரு பங்குன்னா கால்சியம் ரெண்டு பங்கு வேணும். அதனால பூச்சிக்கு மொதல்ல நாம சாப்பாடு போடணும். பச்சோந்திக்கு குடுக்க ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே கடுகுக்கீர, கேரட், சக்கரவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டு பூச்சிய கொழுக்க வைக்கணும், நான் இந்தியன் கடைல முருங்கக்கீர கிடைக்கிறப்ப அதயும் போடுறேன். பசலக்கீர வேண்டாம், அதுல இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் தயிர் டப்பால ஒரு சிட்டிக கால்சியம் பொடி போட்டு, பூச்சிகள உள்ள விட்டு ஒரு குலுக்கு குலுக்கினா விபூதி பூசின மாதிரி வெளிய வரும், அத அப்படியே கூண்டுக்குள்ள விடணும். தினமும் போடுறது வைட்டமின் டி3 இல்லாத வெறும் கால்சியம், டி3 சேந்ததும் வைட்டமின் பொடியும் மாசத்துக்கு ரெண்டு தடவன்னு எங்க டாக்டர் சொன்ன கணக்கு, அதிகமா போட்டா அதுவும் ஆபத்து.

இவ்வளவு செஞ்சாலும், வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர குடுக்கிற யூவிபி லைட் இல்லன்னா வீண். அந்த கதிர் பட்டாத்தான் உடம்புல டி3 ஊறி கால்சியம் எலும்புல சேரும். ஜன்னல் ஓரமா வெயில்ல வச்சிருக்கோமேன்னு நாங்க நெனச்சோம், கண்ணாடி அந்த கதிர தடுத்துடும்னு யாரும் சொல்லல.

அளவு பத்தியும் சொல்லிடுறேன். குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு பூச்சி பத்தவே பத்தாது, காலைலயும் மதியமும் ரெண்டு வேள, பதினஞ்சு நிமிஷத்துல எவ்வளவு சாப்பிடுதோ அவ்வளவு போடலாம், ஆனா ஒரு பூச்சியும் அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிய விட பெருசா இருக்கக்கூடாது. ரொம்ப குட்டின்னா பறக்காத பழ ஈ கிடைக்கும், அது நல்லது. மிச்சம் இருக்கிற பூச்சிய ராத்திரி உள்ள விட்டுடாதீங்க, தூங்குற குட்டிய கடிக்கும். பெருசாக பெருசாக சாப்பாட்ட குறைக்கணும், முக்கியமா பொட்டைக்கு, ஏன்னா அது ஆண் துணையே இல்லாட்டியும் முட்ட வைக்கும், அதிகமா சாப்பிட்டா முட்ட எண்ணிக்க கூடி முட்ட வெளிய வராமலே செத்துப் போறது உண்டு.

கிண்ணத்துல தண்ணி வச்சா அது குடிக்காது சார், பெரும்பாலும் தேங்கின தண்ணிய அதுக்கு தண்ணின்னே தெரியாது. இல மேல சொட்டு நிக்கணும், அத நக்கித்தான் குடிக்கும். காலைலயும் சாயங்காலமும் இல நனையுற வரைக்கும் ஸ்ப்ரே அடிக்கணும். எச்சத்துல வெள்ளையா இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு கலர்ல இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இங்க ஜூன் ஜூலைல புல்வெளி முழுக்க மின்மினிப்பூச்சி, பிள்ளைங்க புடிச்சு கூண்டுல போட்டுடும். இந்த ஊர் மின்மினில இருக்கிற விஷம் பல்லி, ஓணான் இனத்தையே கொல்லும், தாடி ஓணான் ஒரே ஒரு பூச்சிய தின்னு செத்தது பதிவாகியிருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்.

உங்க பேப்பர படிக்கிறவங்க பெரும்பாலும் தமிழ்நாட்டுல இருக்கீங்க, வயக்காட்டுலயும் ரோட்டோரத்துலயும் பாக்குற பச்சோந்திய புடிச்சு வளக்கலாம்னு எந்த பிள்ளையும் நெனச்சுடக்கூடாது. அது 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிர், புடிக்கிறதும் வீட்டுல வைக்கிறதும் குத்தம். ரோட்டக் கடந்துட்டு இருந்தா ஒரு குச்சிய நீட்டி ஏத்தி, அது போற பக்கத்துலயே செடில விட்டுடுங்க, அவ்வளவுதான்.

எங்க வீட்டுல இப்ப ரெண்டாவது குட்டி இருக்கு, அஞ்சு மாசம் ஆச்சு, கால் நேரா இருக்கு, நாக்கு தள்ளி இருக்கிற பூச்சியயும் எட்டி அடிக்குது. அடுத்த சிறுவர் பக்கத்துல அந்த தண்ணிக் கிண்ணத்தயும் நாலு பூச்சியயும் திருத்தி ஒரு நாலு வரி போடுங்க ஆசிரியரே, யாரோ ஒரு பிள்ள அத பாத்துட்டுத்தான் தன் குட்டிக்கு சாப்பாடு வைக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
நியூ ஜெர்சி