125 என்றால் எந்த 125?

ஆசிரியர் அவர்கட்கு,

நடுக்கமும் விறைப்பும் தரும் பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் லெவோடோபாக் குளிசையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணமானது. மற்றையது மெல்ல மெல்லக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்வது, பெட்டியில் 'சீ.ஆர்.' என்று போட்டிருக்கும். திருகோணமலையில் வீடுகளிலும் சில பார்மசிகளிலும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். அதனால் நேரும் தொல்லைகளையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் இலக்கம். குளிசை அட்டையில் அச்சிட்டிருப்பது லெவோடோபாவின் அளவு மட்டுமல்ல, அதோடு சேர்ந்த துணைமருந்தான கார்பிடோபாவையும் கூட்டி வந்த தொகை. இந்தியாவிலிருந்து வரும் குளிசைகளில் 110 என்பது 100 மி.கி. லெவோடோபாவும் 10 மி.கி. கார்பிடோபாவும். 125 என்பது 100உம் 25உம். 275 என்பது 250உம் 25உம். சீ.ஆர். 250 என்பது 200உம் 50உம். இவற்றுக்கு நடுவே சீ.ஆரிலும் ஒரு 125 இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில் இரண்டு 125உம் அச்சொட்டாக ஒன்றுதான். உடம்புக்குள் போய்ச் செய்யும் வேலை வேறு. வைத்தியசாலையில் கையிருப்பு முடிந்து, மருந்துத் துண்டைக் கொண்டு வெளியில் வாங்கும்போது அந்த இரண்டு எழுத்தும் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சாதாரணக் குளிசை ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும், சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். சீ.ஆர். உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். மருந்தை நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அதிலுள்ள மருந்தில், சாதாரணக் குளிசையோடு ஒப்பிட்டால், 70 வீதமளவே இரத்தத்தில் சேரும். ஆகவே சாதாரணக் குளிசைக்குப் பதில் அதே இலக்கச் சீ.ஆரைக் கொடுத்தால் ஆள் விறைத்துப்போவார். சீ.ஆருக்குப் பதில் சாதாரணத்தைக் கொடுத்தால் மருந்து சட்டென்று பிடித்து, சிலருக்குக் கைகால் தன்பாட்டில் நெளிந்து ஆடும். அடுத்த வேளைக்கு வெகு முன்பே விட்டும் விடும். வீட்டார் 'வருத்தம் கூடிவிட்டது' என்பார்கள். கூடியது வருத்தமல்ல, மாறியது குளிசை.

விழுங்கக் கஷ்டம் என்று கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பதும் இதே வினையைத்தான் செய்யும். சீ.ஆர். குளிசையின் உடலே மருந்தைக் கட்டிவைத்திருக்கும் கூடு. நசுக்கினால் ஆறு மணித்தியாலத்துக்குரியது ஒரேயடியாக இறங்கும். நடுவில் கோடு போட்ட சில சீ.ஆர். குளிசைகளை அந்தக் கோட்டில் அரையாக உடைக்கலாம். எல்லாவற்றையும் அல்ல, மருந்தாளரிடம் கேட்டுத்தான். இரைப்பையில் மிதந்து வேலை செய்யும், கார்பிடோபாவுக்குப் பதில் பென்செரசைட் சேர்ந்த லெவோடோபாக் கப்சூலைத் திறக்கவே கூடாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கப்சூல்களில், உள்ளே மணிமணியாக மருந்துள்ள ஒரு வகையைத் திறந்து மசித்த பழத்தில் தூவிக் கொடுக்கலாம், மணிகளைச் சப்பக் கூடாது. அதன் மில்லிகிராமும் இங்குள்ள குளிசையின் மில்லிகிராமும் சமமல்ல என்பதால் வைத்தியருக்குக் காட்டாமல் தொடங்க வேண்டாம். விழுங்கவே முடியாதவருக்குத் தண்ணீரில் கரையும் லெவோடோபாக் குளிசையும் உண்டு. ஆனால் அது நீண்ட நேரம் நிற்பதல்ல, வேளைகளின் எண்ணிக்கையை வைத்தியர் மாற்றித் தரவேண்டும்.

காலையில் எழும்ப முடியாமல் கிடப்பவருக்குச் சீ.ஆர். மட்டும் கொடுத்துவிட்டு, 'ஒரு மணித்தியாலமாகியும் ஒன்றும் காணேல்லையே' என்று இன்னொன்றைப் போடுவது வழக்கமான பிழை. அது மெதுவாகத்தான் பிடிக்கும். அதனால்தான் பல வைத்தியர்கள் விடியலில் ஒரு சாதாரணக் குளிசையும், படுக்கையில் புரள முடியாதவருக்கு இரவில் சீ.ஆரும் எழுதுகிறார்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

இன்னொரு பிழை, 125 இல்லையென்று 110 கொடுப்பது. கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா மூளைக்குப் போகுமுன் வழியிலேயே டோபமினாக (உடல் அசைவுக்கு மூளைக்கு வேண்டிய இரசாயனம்) மாறாமல் தடுப்பது. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை வேண்டும். 125 மூன்று வேளை என்றால் 75 கிடைக்கும். 110 மூன்று வேளை என்றால் 30தான். உடனே குமட்டல், வாந்தி. வாந்திக்கென்று போனால் மெற்றோகுளோபிரமைட். அது மூளையில் டோபமினின் வாசலையே அடைத்துவிடும், நடுக்கமும் விறைப்பும் முன்னையிலும் மோசமாகும். தலைச்சுற்றுக்கு எழுதப்படும் புரோகுளோர்பெரசின், சினரிசின், புளுனரிசின் ஆகியவற்றிலும், இரவில் குழப்பமாகக் கத்துகிறார் என்று போடும் ஹலோபெரிடோலிலும் இதே ஆபத்து. டொம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனாலும் இதய வருத்தக்காரருக்கு அதையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே பாதைக்கு முண்டியடிக்கும். சாதாரணக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்போ ஒரு மணித்தியாலம் பின்போ வெறும் தண்ணீரில் எடுப்பது நல்லது. பால் தேத்தண்ணியும் இந்தக் கணக்கில் சாப்பாடுதான், பிளேன்டீ பரவாயில்லை. சீ.ஆருக்கு உணவு அவ்வளவு பகையல்ல, ஆனால் தினமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். மீனையும் பருப்பையும் நிறுத்தச் சொல்லவில்லை (திருகோணமலையில் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?). பகலில் மருந்து சரியாகப் பிடிக்காதவர் பெரும் பங்கை இரவுக்குத் தள்ளிப் பார்க்கலாம். இரும்புச்சத்துக் குளிசை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் மருந்தைத் தாமதப்படுத்தும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அந்தச் சூரணம் எடுப்பவர் அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு பிடிப்போர், கந்தசஷ்டி விரதம் இருப்போர் ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். சீ.ஆர். நீண்ட நேரம் நிற்கும் என்பது சஹரிலிருந்து இஃப்தார் வரை நிற்கும் என்பதல்ல. திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, மயக்கம் வரலாம். அது உயிராபத்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குச்சவெளி, வெருகல் பக்கத்தில் இருந்து வருபவர்கள் கடைசிக் குளிசை வரை காத்திராமல், ஏழு நாளுக்குரியது மீதமிருக்கும்போதே அடுத்ததை எடுத்து வையுங்கள்.

இதே நோய்க்குக் கொடுக்கப்படும் வேறு மருந்துகளான, நாளுக்கு ஒன்று போடும் பிரமிபெக்சோல், ரொபினிரோல் நீண்டநேரக் குளிசைகளும் நசுக்கக் கூடாதவையே. இவற்றால் சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நித்திரை வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் கவனம். என்றுமில்லாமல் லொத்தர் சீட்டை அள்ளி வாங்கத் தொடங்கினாலும் அது குணக்கேடல்ல, மருந்தின் விளைவாக இருக்கலாம். வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு முந்திய மூன்று நாளும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: குளிசை போட்ட நேரம், பிடித்த நேரம், விட்ட நேரம், நெளிவு வந்த நேரம், சாப்பிட்ட நேரம். 'பரவாயில்லை, ஆனா சரியில்லை' என்று சொல்வதை விட இந்த ஒரு பக்கம் வைத்தியருக்கு நூறு மடங்கு உதவும்.

வார்ட்டில் அனுமதிக்கும்போதும் நேரம் முக்கியம். பிரித்தானியாவில் பார்கின்சன் மருந்தை உரிய நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டுமென்று தனி இயக்கமே நடக்கிறது. இங்கே எல்லாருக்கும் பொதுவான மருந்து நேரத்துக்குக் காத்திருப்பவர் அதற்குள் விறைத்துப்போகிறார். அவரவர் நேரத்தைக் கட்டில் அட்டையில் எழுதிவிட்டால் தாதியருக்கும் இலகு.

சுகாதார அதிகாரிகளிடம் கேட்பது இரண்டுதான். சீ.ஆர். குளிசை கொடுக்கும் உறையில் 'நசுக்க வேண்டாம், சப்ப வேண்டாம், வேறு வகைக்கு மாற்ற வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு முத்திரை. கிளினிக் கொப்பியின் முன் அட்டையில், பார்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர் சிவப்பு மையில். அது வரும்வரை வீட்டார் அந்தப் பெயர்களை ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து நோயாளியின் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மருந்தாளர்கள் இருவர்,
உவர்மலை, திருகோணமலை.