பாட்டியோட பாஸ்போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

குடியுரிமைக்கு பேப்பர் காட்ட சொன்னா என்ன தப்பு, ஒழுங்கானவனுக்கு எதுக்கு பயம்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. நான் கோத்தகிரி பக்கம், சிலோன் தேயிலைத் தோட்டத்துல வேல செஞ்ச தமிழ்க் குடும்பம், எங்கள இங்க இன்னமும் சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க, அதனால எழுதுறேன்.

1948ல சிலோன் சுதந்திரம் வாங்கின கையோட குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தாங்க. அதுல தமிழன துரத்துன்னு ஒரு வரி கிடையாது சார். உங்க அப்பா இங்க பொறந்தாரா, இல்ல தாத்தாவும் பூட்டனும் இங்க பொறந்தாங்களா, அத நிரூபிங்க, அவ்ளோதான். தோட்டத்து லயத்துல, அதாவது கூலிக்காரங்க லைன் வீட்டுல, பொறந்தவங்களுக்கு எவன் பர்த் சர்டிபிகேட் குடுத்தான், தோட்டத்து தொரைகிட்ட இருந்தது செக்ரோல்ங்கிற கூலிப் பதிவேடு, அதுல பேரு இருந்தா கூலி, இல்லன்னா இல்ல. சுமார் 7 லட்சம் பேரு நாடே இல்லாதவங்களா ஆனாங்க. 1947 எலெக்சன்ல 7 சீட் ஜெயிச்ச எங்க தோட்டத் தமிழர் கட்சி இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 1952ல ஒன்னுகூட இல்ல, ஓட்டர் லிஸ்ட்ல ஆளே இல்லையே!

நம்ம ஆளுங்களுக்கும் இதுல பங்கு இருக்கு, கசந்தாலும் சொல்லணும். அடுத்து, இந்திய வம்சாவளிக்காரங்க குடியுரிமை கேக்க கடுமையான நிபந்தனை போட்ட இந்திய பாகிஸ்தானியர் சட்டம் வந்துச்சு, அப்ப மந்திரியா இருந்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதுக்கு ஆதரவா ஓட்டு போட்டாரு, அதே கட்சில இருந்த செல்வநாயகம் பிரிஞ்சு போய் தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சாரு. தோட்டக்காட்டான் (எங்கள இளக்காரமா அப்படித்தான் சொல்லுவாங்க) விஷயம்தானேன்னு இருந்தவங்களுக்கு 1956ல சிங்களம் மட்டும்தான் ஆட்சி மொழின்னு தனிச் சிங்களச் சட்டம் வந்தப்பதான் சுட்டுது.

1964ல சிலோன் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரு இந்தியாவுக்கு 3 லட்சம் சிலோனுக்குன்னு பிரிச்சுகிட்டாங்க, எங்க ஜனத்த கூப்ட்டு கேக்கல. பாட்டி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் இங்க டான்டீல, அதான் தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டத்துல, கொழுந்து பறிச்சாங்க. நான் சாதி சான்றிதழுக்கு போனப்ப அப்பா எங்க பொறந்தாருன்னு கேட்டாங்க, சிலோன்ல பதுளைன்னதும் அந்த கிளார்க் பேனாவ கீழ வெச்சிட்டாரு. மூணு மாசம் அலைஞ்சேன்.

இங்க 2019ல வந்த குடியுரிமை திருத்தச் சட்டத்துல மூணு நாடு, ஆறு மதம், அதுல முஸ்லிமும் இல்ல இலங்கையும் இல்ல. 1983 கலவரத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்து இங்க அகதி கேம்ப்ல இருக்குறவங்கள்லயும் எங்கள மாதிரி மலையகத் தோட்டத்துக்காரங்க இருக்காங்க, இங்கயே பொறந்து வளந்த பிள்ளைங்க பலருக்கு இன்னும் ஓட்டு கிடையாது.

அந்த வாசகர் இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க, பாட்டியோட பாஸ்போர்ட்ட காட்டுறேன். பாட்டி போயி பதினோரு வருஷம் ஆச்சு, டிரங்கு பெட்டில பிளாஸ்டிக் கவர் சுத்தி அப்படியே வெச்சிருக்கோம், தூக்கிப்போட அம்மா விட மாட்டேங்குறாங்க.

ஒரு வாசகி,
கோத்தகிரி