செதில் நிமிர்ந்த கட்லா

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. மார்கழியில் பெரிய குளத்தில் மீன் செத்து மிதந்தது, அந்தக் கவலையிலேயே நாள் போய்விட்டது.

முதல் நாள் நான்கைந்து கட்லாதான். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வயிறு உப்பி, செதிலெல்லாம் பலாக்காய் முள் மாதிரி நிமிர்ந்து நின்றது. துடுப்படியில் ரத்தம் கட்டியிருந்தது. லேசாக அழுத்தினால் செந்நீர் வடிந்தது. மீன்வளம் படித்த நம்ம ஊர்ப் பையன் பார்த்துவிட்டு ஏரோமோனாஸ் என்றான். அந்தக் கிருமி எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதுதானாம். மழைக்குப் பிறகு குளம் குளிர்ந்து, அடியில் கழிவும் சேர்ந்து, மீன் சோர்ந்தால் உள்ளே புகுந்துவிடும். கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து போட்டேன். நோய் கண்ட மீன் தீவனமே எடுக்காது என்பது அப்போது உறைக்கவில்லை. மருந்தைத் தின்றதெல்லாம் நல்ல மீன்.

மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறோமே, மீனுக்குக் கிடையாதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது மாப்ளே. 1942-லேயே கனடாவில் டஃப் என்பவர் செத்த நோய்க்கிருமியைத் தீவனத்தில் கலந்து ட்ரௌட் மீனுக்குக் கொடுத்து, அது நோயைத் தாங்குவதைக் காட்டியிருக்கிறார். நார்வே சால்மன் பண்ணைகளில் 1987-இல் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. நல்ல தடுப்பூசி வந்து, குஞ்சு ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் போட ஆரம்பித்த பிறகு, பத்து வருடத்துக்குள் அது இரண்டு டன்னுக்கும் கீழே இறங்கியது. அதற்குள் மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியிருந்தது.

சால்மன் விலை வேறு, நம் ரோகு விலை வேறு. ஏக்கருக்கு 3,000 குஞ்சு விட்டால் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள்கூலி கட்டாது. தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கொடுக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கட்லா, ரோகு எல்லாம் கெண்டை இனம். அதற்கு இரைப்பையே கிடையாது, தெரியுமா? அமிலம் இல்லாதது நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் குடலின் முன்பகுதியில் சுரக்கும் நீரே மருந்தைச் சிதைத்துவிடுகிறது. அது வேலை செய்ய வேண்டிய இடம் பின்குடல். அதுவரை கெடாமல் போய்ச் சேர ஏதாவது உறை வேண்டும்.

எனக்கு ஒத்துவரும் என்று படுவது முக்கி எடுக்கிற முறைதான். தடுப்பு மருந்து கலந்த தொட்டியில் குஞ்சுகளை வலையோடு அரை நிமிடம், ஒரு நிமிடம் வைத்து எடுப்பது. செவுள், தோல் வழியாக ஏறிவிடும். ஊசி அளவுக்கு நிற்காது, இன்னொரு தடவை முக்க வேண்டியிருக்கும். ஆக்சிஜன் பையில் வந்து இறங்கிய அன்று மட்டும் செய்யக்கூடாது. பயணத்தில் துவண்ட குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி எழும்பாது. நாற்றங்கால் குளத்திலேயே, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிற ஆவணியில் முடித்துவிட வேண்டும். மீன் குளிர்ந்த ரத்தப் பிராணி, தண்ணீர் குளிர்ந்துவிட்டால் அதன் உடம்பு எதிர்ப்பை உண்டாக்க ரொம்ப நாள் எடுக்கும். மார்கழியில் செத்து மிதக்கும்போது மருந்துக்கு ஓடுவதில் பயனே இல்லை.

சீனாவில் கெண்டைக்கு இந்தக் கிருமிக்கென்றே தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இங்கே நான் கேட்ட கடைகளில் இல்லை. அந்தக் கிருமியில் வகைகள் நிறைய, ஒரு ஊர் வகைக்குச் செய்தது இன்னோர் ஊரில் பலிக்காமல் போகலாம். அதனால் இனி நோய் மீன் கண்டால் குழி தோண்டிப் புதைப்பதற்கு முன் இரண்டு மூன்றையாவது ஐஸில் வைத்து நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன். நம் குளத்துக் கிருமி எது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அப்புறம், அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மாசியில் சின்னக் குளத்தில் வலை இழுக்கிறோம், அது தப்பித்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.