செருப்பைக் கழற்றச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்க்க ஆள் இல்லாததைப் பற்றி எழுதுகிறேன்.

1978-இல் தொழுநோய் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். குடியாத்தம் பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளில் போய், திண்ணையில் உட்கார்ந்து, நோயாளியின் பாதத்தை மடியில் வைத்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் உள்ளங்காலைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வோம். மரத்துப்போன காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லில் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவக் கற்றுக்கொடுப்போம். எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கித் தருவோம். வலி தெரியாததால்தான் அந்தக் காலில் புண் வருகிறது என்று வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னதிலிருந்து வந்த வழிமுறை இது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பிரிவைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்தார்கள். அப்புறம் கொசு, குளோரின், குடிநீர்த் தொட்டி என்று வேலை மாறிவிட்டது. தொழுநோய் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் காலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போனார்கள். எங்களுக்குப் பின் யாரையும் பழக்கவில்லை.

இன்று அதே மரத்த கால் சர்க்கரை நோயால் வருகிறது. என் மனைவியின் தம்பி மாதம் தவறாமல் மாத்திரை வாங்கி வந்தவர். போன ஆண்டு செருப்பின் அடியில் ஏறிய ஆணியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். "குத்தினதே தெரியலை மாமா" என்றார். கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை மாதங்களில் ஒருவர்கூட அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் அவர் காலைப் பார்க்கவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-இல் சொன்னது. அத்தனை பேர் காலையும் டாக்டர்களே பார்த்து முடியாது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். பாத பரிசோதனையையும் அவர்களுக்கு முறையாகச் சொல்லித்தர வேண்டும். உணர்வு பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொழுநோய்க்குச் சொன்னதை அப்படியே சொல்லக் கூடாது. சர்க்கரை நோயாளி காலை ஊறவைக்கக் கூடாது, காய்ப்பைத் தானே பிளேடால் சீவக் கூடாது. அதனால்தான் பயிற்சி என்கிறேன். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் தர வேண்டும். சும்மா சுமத்துவது நியாயமில்லை.

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பாத சிகிச்சையாளரையும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் அதற்கென்று பணியிடம் உருவாக்கலாம்.

எங்கள் காலத்து ஆய்வாளர்கள் சிலர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டால் வருகிறேன். பேருந்துச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
குடியாத்தம்.