வயலைக் காக்க மலையைக் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் உலர் வலய நெற்செய்கையின் வரலாறு குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். மேட்டுக் குளத்தில் வழியும் நீரைக் கீழ்க்குளம் ஏந்திக்கொள்ளும்படி சங்கிலித்தொடராகக் குளங்கள் அமைத்த முன்னோரின் அறிவு வியப்புக்குரியது. உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் இம்முறையை உலக விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது நம் எல்லோருக்குமே பெருமை. ஆனால் அவ்வயல்களுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு எங்கள் கொத்மலைப் பக்கத்து மலைகளிலிருந்து போகிறது என்பதைத் தலையங்கம் தொடவில்லை. பொல்கொல்லை அணைக்கட்டு 1976இல் இயங்கத் தொடங்கியது முதல், மகாவலி ஆற்று நீர் சுரங்க வழியே திருப்பப்பட்டு, 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய, அநுராதபுர மாவட்டத்துக் கலாவெவக் குளம் வரை செல்கிறது. ஆகவே அநுராதபுரத்து வயலைக் காக்கும் வேலை கொத்மலைச் சரிவின் மண்ணைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை, ஒரு மணி நேரம் மழை பெய்தாலே செம்மண் கலங்கலாகிவிடுகிறது. முன்பெல்லாம் தேயிலை மலைகளில் மழைநீர் வடிய தவறாமல் கான் வெட்டுவார்கள். கானில் தங்கிய மண்ணை அள்ளி மேற்பக்கமே போடுவார்கள். இன்று எங்கள் பக்கத்தில் பல கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. அடித்துச் செல்லப்படும் மண் நீர்த்தேக்கங்களில் படிந்தால், மழை குறைந்த சிறுபோகத்தில் பயிரிடும் விவசாயிக்குத்தான் நீர் குறையும். குளங்களைத் தூர்வார ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை, மலையில் கான் வெட்டவும் ஓடைக்கரைகளில் மரம் நடவும் ஒதுக்கி, அவ்வேலையை நியாயமான கூலியுடன் தோட்ட மக்களுக்கே வழங்க அரசு முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கொத்மலை.