கார்டு இல்லாத கேமராவில் ஆயா

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

பரணில் கொலுப் பெட்டியை இறக்கும்போது உன் பழைய கேமரா கிடைத்தது. இரண்டு பென்சில் செல் வாங்கிப் போட்டேன், உயிர் வந்துவிட்டது. படம் பதியும் மெமரி கார்டைக் கழற்றி பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டு வந்து, முக்கோணம் போட்ட பொத்தானைச் சும்மா அழுத்தினேன். படம் இல்லை என்று சொல்லும் என்றுதான் நினைத்தேன். ஆயா வந்து நின்றாள்.

மொத்தம் 9 படம். மாடி வீட்டுப் பையனைக் கேட்டேன். இந்த மாதிரி கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் இடம் உண்டாம். கார்டு இருந்தால் கார்டில் உள்ளதை மட்டும் காட்டும், கழற்றினால்தான் இது தெரியும். அப்படியென்றால் நீ என்றைக்கோ கார்டைக் கம்ப்யூட்டரிலேயே மறந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாய். அதற்காக அன்று உன்னைத் திட்டியிருந்தால், திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தேன், அம்மா சிரிக்கிறாள். ஜூம் பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஒன்பதும் சின்னக் கட்டங்களாக வருகின்றன. மறுபக்கம் தள்ளினால் ஒரே படம் பெரிதாகிறது, அம்புக்குறியால் மூலைமூலையாக நகர்த்திப் பார்க்கலாம். சிறியதாக இருக்கும்வரை எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பெரிதாக்கினால்தான் ஆயா தலையை ஆட்டிவிட்டது தெரிகிறது. ஒன்று மட்டும் தெளிவு. ஏரிக்கரை, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், ஓரத்தில் உன் விரல். நீதான் எடுத்தாய் என்பதற்கு அந்த விரலே சாட்சி!

தேதிதான் இடிக்கிறது. 1.1.2007 என்று காட்டுகிறது. ஆனால் ஆயாவுக்குப் பின்னால் திருவள்ளுவர் சிலை தெரிகிறதே! 1991 முதல் அதை மூடியே வைத்திருந்தார்கள். "வள்ளுவரையே வாய் கட்டி வச்சிருக்கானுங்க" என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆயா முணுமுணுப்பாள். கருணாநிதி வந்து திறந்தது 9.8.2009 அன்று. நாம் கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை, அப்புறம்தான் போனோம். செல்லைக் கழற்றி ரொம்ப நாள் வைத்திருந்தால் கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். நீ தேதி வைக்காமலே எடுத்திருக்கிறாய். எடுத்தபோது பதிந்த தேதி அப்படியே நிற்கும், இப்போது கடிகாரத்தைச் சரிசெய்தாலும் இந்தப் படங்களுக்கு ஒட்டாது.

பயந்துபோய் ஒன்பதுக்கும் சாவிக் குறி போட்டுப் பூட்டினேன். அழி என்று கொடுத்தாலும் இனி அழியாது. ஆனால் ஃபார்மேட் கொடுத்தால் பூட்டியதும் சேர்ந்து போய்விடுமாம். கார்டுக்கு நகலெடுக்கும் வழியும் அந்த மெனுவில்தான் எங்கேயோ இருக்கிறது என்றான் பையன். கண்ணாடி போட்டும் என்னால் அந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை, அதனால் உள்ளே நுழையவே இல்லை. அவனையும் தொடவிடவில்லை, அவனுக்குக் கை துறுதுறு.

பிரிண்ட் நேற்று வந்துவிட்டது. எல்லாம் உன் காலேஜ் டூர், ஒன்றில்கூட ஆயா இல்லை. அன்றைக்கு ஏரிக்கரைக்கு எதற்காகப் போனோம், நீ எத்தனையாவது படித்தாய்? நினைவிருந்தால் எழுது. டிசம்பரில் வரும்போது கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைக்கிற அந்தக் கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு வா. அதுவரை செல்லைக் கழற்றி கேமராவைப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அப்பா