மறுவெளியீட்டுக்கு வராத படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய படங்கள் மறுபடி தியேட்டருக்கு வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் வந்து ஓடியதும், இருபது வருஷம் கழித்து 2024-இல் 'கில்லி'க்குக் கூட்டம் கூடியதும் சந்தோஷமான சங்கதிதான். ஆனால் இதையெல்லாம் சினிமாவைப் பாதுகாக்கும் பணி என்று கட்டுரையாளர் பாராட்டுவதுதான் இடிக்கிறது.

விசிலடிக்க ஆள் இருக்கிற படத்தைத்தான் துடைத்துத் திரைக்குக் கொண்டுவருகிறார்கள். அது வியாபாரம், தப்பில்லை. பெரிய நட்சத்திரம் இல்லாத கறுப்பு வெள்ளைப் படத்தின் நெகட்டிவ் எந்தப் பரணில் கிடக்கிறதோ? அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும். வெப்பமும் ஈரமும் அதற்கு எமன். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதற்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிமோ சுலபத்தில் தீப்பற்றும். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காக எடைக்குப் போன சுருள்களும் உண்டு.

தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. டி.பி.ராஜலட்சுமி நடித்து 1931-இல் வெளியான 'காளிதாஸ்' படத்துக்கும் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பாட்டுப் புத்தகம் இருக்கிறது! தமிழின் முதல் பேசும்படத்தைவிட அதற்காக அச்சடித்த தாளுக்கு ஆயுசு கெட்டி.

புத்தகத்துக்கு 1954-லேயே சட்டம் போட்டார்கள். பதிப்பாளர் தம் செலவில் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு கதை. சினிமாவுக்கும் அப்படியொரு கட்டாயம் வேண்டும். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, சரி. இத்தனை படம் எடுக்கும் சென்னையிலும் குளிரூட்டிய கிடங்கோடு அரசுக் காப்பகம் ஒன்று வேண்டாமா? சிறு படங்களுக்கு மானியம் தருகிற அரசு, அந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்தாலே நல்ல தொடக்கம்.

அப்புறம் இன்னொன்று. சதுரமான சட்டகத்தில் எடுத்த படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினால், நாட்டியக் காட்சியில் பாதம் போய்விடும். சலங்கைச் சத்தம் மட்டும் டிடிஎஸ்ஸில் கணீரென்று கேட்டு என்ன பயன்? எந்தப் பிரதியிலிருந்து எடுத்தோம், சட்டகத்தை வெட்டினோமா, இசையை மாற்றினோமா என்று படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். அடுத்த மறுவெளியீட்டுக்கு விமர்சனம் எழுதும்போது உங்கள் நிருபர் இதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.

– வாசகர், திருச்சி